ஜாஸும் ராகமும் கலந்த இசையில் எதைக் கேட்பது?

நீங்கள் கேட்டது இது: சின்ன வயதிலிருந்து கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர் நீங்கள். நண்பர் ஒருவர், ஜாஸ் கிட்டார்காரர் ஒருவரும் நம் வித்வான்களும் சேர்ந்து வாசித்த சக்தி குழுவின் முதல் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். அவர் கண்ணை மூடித் தலையாட்டுகிறார், ரெக்கார்டில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, உங்களுக்கோ வேகத்தைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. இதை ரசிக்க ஜாஸ் தெரிந்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "இல்லை, இதுவே ஒரு இரண்டுங்கெட்டானா?" என்று ஒரு கொக்கியும் போட்டிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கொக்கியில்தான் இருக்கிறது. குறை என் காதிலா, இந்த இசையிலா?

பதில் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி இரண்டு வரி. பதினான்கு வருடம் ஒரே குருவிடம் மிருதங்கம் கற்றவன். பிறகு இருபது வருடமாகச் சென்னையிலும் பெங்களூரிலும் ஃப்யூஷன் குழுக்களுக்கு வாசித்து வருகிறேன். நல்ல மேடைகளும் உண்டு, சாப்பாட்டுத் தட்டுச் சத்தத்துக்கு நடுவே வாசித்த ஹோட்டல் விருந்துகளும் உண்டு. அதனால் தாளம் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். மேற்கத்திய ஹார்மனி, அதாவது பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் முறை, எனக்கு வயதான பிறகு, பியானோக்காரர்கள் பக்கத்தில் நின்று நின்று வந்த பழக்கம். அதைப் பற்றி நான் சொல்வதை ஒரு பியானோக்காரரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேகம். அந்த ரெக்கார்டு 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். மெக்லாக்லின் அதற்கு முன்பு ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்று மின்கிட்டார் அதிரும் குழுவை நடத்தியவர். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிட்டாருக்காக வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். கோர்வை என்ற தாள முடிப்பு என்னவென்று தெரியாதவர்களுக்கு எது முதலில் எட்டும்? வேகம்தான். அவர்கள் எங்கே கத்துகிறார்களோ அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று ரெக்கார்டைக் கேட்கிற நாமும் நம்பிவிடுகிறோம். உங்கள் காது ஏமாந்தது அவ்வளவுதான், அதில் பழுது இல்லை. 'ஜாய்' என்ற அந்தப் பதினெட்டு நிமிடப் பாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அதே பக்கத்தில் அடுத்ததாக 'லோட்டஸ் ஃபீட்' என்று ஐந்து நிமிடம்கூட வராத ஒன்று இருக்கிறது. மெதுவான மெட்டு, யாரும் யாரையும் துரத்தவில்லை. அங்கே ஆரம்பியுங்கள்.

அடுத்து, என்ன கேட்பது என்பது. பலரும் "இது ராகம், இது ஜாஸ்" என்று பிரித்துக் காட்டச் சொல்வார்கள். எனக்கு உதவியது வேறு ஒரு கேள்வி: யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? சக்தியின் மேடையில் டிரம் செட் இல்லை, பியானோ இல்லை, தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் இல்லை. ஒரு ஜாஸ் ரசிகருக்கு இது நம் ஆளுக்குத் தம்புராவும் மிருதங்கமும் இல்லாத கச்சேரி மாதிரி. ஜாஸில் தரை என்பது கார்டுகளின் சுற்று. பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பது கார்டு. அப்படிப் பன்னிரண்டு பார் (ஒரு பார் என்பது பொதுவாக நான்கு எண்ணிக்கை) கொண்ட ப்ளூஸ், முப்பத்திரண்டு பார் கொண்ட பாட்டு என்று ஒரு வட்டம் திரும்பத் திரும்ப வரும். தனியாக வாசிப்பவர் அதன்மேல்தான் ஓடுவார். பேஸ்காரர் ஒவ்வொரு அடியிலும் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே நடப்பார். மெக்லாக்லின் இதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நம் பக்கமும் சும்மா இல்லை. சாகித்யம் போயிற்று. அரை மணி நேர ஆலாபனை போயிற்று. ராகத்தின் வேலி சில இடங்களில் தளர்ந்து, அன்னிய சுரம் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இப்படி இருவரும் வெறுங்கையோடு வந்த பிறகு என்ன கிடைத்தது என்று கேட்கத் தொடங்கினால், வேகம் தானாகப் பின்னால் போய்விடும்.

அந்தக் கிட்டாரைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கிப்ஸன் நிறுவனத்துக்காக ஏப் வெக்டர் என்பவர் செய்தது. வழக்கமான ஆறு தந்திக்குக் கீழே ஒலித்துளையின் மேல் குறுக்காக ஏழு தந்திகள், நம் வீணையின் தாளத்தந்தி மாதிரி சுருதியைத் தடவிக் கொடுப்பதற்கு. அதைவிட முக்கியம், விரல் பலகையில் மெட்டுக்கட்டைக்கும் மெட்டுக்கட்டைக்கும் நடுவே மரத்தைப் பள்ளமாகக் குடைந்திருப்பார்கள். ஏன் குடைய வேண்டும்? சாதாரணக் கிட்டாரில் விரல் பலகையில் இடித்து நின்றுவிடும். பள்ளம் இருந்தால் தந்தியை இன்னும் அழுத்தலாம், தாராளமாக இழுக்கலாம். வீணையில் விரல் செய்வது அதைத்தானே. மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்பது தெரிந்தால் இது விளங்கும். ஆனால் குடைந்து விட்டதால் சுரத்தை அசைக்கும் கமகம் முழுக்க வந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கும் சுரமா? அது ஒரு அசைவு. அந்த அசைவு அவர் கையில் கோடி காட்டிவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். பக்கத்தில் சங்கரின் வயலின் வரும்போது வித்தியாசம் உடனே தெரியும். அந்த வித்தியாசத்தை நான் குறையாகக் கேட்பதில்லை, இரண்டு பேர் ஒரே சொல்லை வேறு வேறு ஊர் உச்சரிப்பில் சொல்வதாகத்தான் கேட்கிறேன்.

ஷட்ஜம், அதாவது 'ச' என்ற ஆதார சுரம், எங்கே என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய இடறல். நமக்குத் தம்புரா மூன்று மணி நேரமும் ஒரே ஷட்ஜத்தில் நிற்கும். ஜாஸில் அந்த ஆதாரமே நகரும். 1959-இல் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் பதிவு செய்த 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஓர் உச்சம். ஒரு சுற்று கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அதற்குள் மூன்று ஆதாரங்களுக்கு நடுவே மாறி மாறித் தாவும். கிரகபேதம் கேட்டிருப்பீர்கள். வித்வான் ஒரு நிமிடம் ஆதாரத்தை மாற்றிக் காட்டிவிட்டு, சபை "ஆகா" என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஜாஸ்காரருக்கு அந்த வெளியூர்ப் பயணமே குடித்தனம். இப்படிப்பட்ட பாட்டின் மேல் ராகம் குடியிருக்க முடியாது. அதனால்தான் இரண்டு இசையும் சந்தித்த இடம், கார்டுகளைக் குறைத்து ஒரே சுர அடுக்கில் நெடுநேரம் நிற்கும் மோடல் ஜாஸ் என்ற ஒரு திண்ணையாக இருந்தது. அதே 1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' பாட்டைக் கேளுங்கள். முப்பத்திரண்டு பாரில் இரண்டே சுர அடுக்குகள். முதல் பதினாறு பாரும் கரகரப்பிரியாவின் சுரங்கள். அடுத்த எட்டு பாருக்கு அதே அடுக்கு அரை சுரம் மேலே ஏறும், கடைசி எட்டில் இறங்கிவிடும். முழுக்கச் சுருதியில் ஊறிய காதுக்கு அந்த எட்டு பார் முதல் தடவை மாடிப்படி தவறின மாதிரி இருக்கும். நாலைந்து தடவை கேட்ட பிறகு அந்த ஏற்றத்துக்காகவே காத்திருப்பீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேற்கத்திய சுர அடுக்குகளில் டோரியன் என்றால் கரகரப்பிரியா, லிடியன் என்றால் கல்யாணி, மிக்ஸோலிடியன் என்றால் அரிகாம்போதி என்று பட்டியல் சுற்றும். சுர வரிசை என்ற அளவில் அது சரி, சந்தேகமே இல்லை. "ஆகவே மைல்ஸ் டேவிஸ் கரகரப்பிரியா வாசித்தார்" என்று அடுத்த வரிக்குப் போவதுதான் தப்பு. கரகரப்பிரியாவில் 'சக்கனி ராஜ' கீர்த்தனை கேட்ட காதுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்துகள் ஒன்று என்பதால் மொழி ஒன்றாகிவிடாது. கோல்ட்ரேன் விஷயத்திலும் அப்படித்தான். 1961 நவம்பரில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் 'இந்தியா' என்றே பெயர் வைத்து வாசித்தார். ரவிசங்கரைக் கேட்டு மயங்கியவர், தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். இதெல்லாம் உறுதியான செய்தி. அந்தப் பாட்டுக்குள் ராகம் எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. என் காதுக்கு ராகம் கிட்டத்தட்ட இல்லை. அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது சுருதியின் நிலைப்பு. ஒரே இடத்தில் நின்று எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்ற துணிச்சல் அது. மேடையில் இரண்டு பேஸ்காரர்களை வைத்துக்கொண்டு தரையை ரீங்காரமாக்கினார். எனக்கு அது போதும்.

சக்திக்கு முன்னால் நடந்த முயற்சிகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன். லண்டனில் 1966-இல் கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவில் பிறந்த சாக்ஸபோன்காரர் ஜோ ஹாரியட்டும் இந்தப் பக்கம் ஐவர், அந்தப் பக்கம் ஐவர் என்று சேர்த்து வாசித்தார்கள். பெரும்பகுதி எழுதி வைத்த இசை. இன்று கேட்டால் நடுக்கதவு திறந்திருக்கும் இரண்டு அறைகள் மாதிரிதான் கேட்கிறது. 1968-இல் பம்பாயில் சங்கர்-ஜெய்கிஷன் ரயீஸ் கானின் சிதாரை வைத்து 'ராகா ஜாஸ் ஸ்டைல்' என்று பதினொரு பாட்டுகளை வெளியிட்டார்கள். சினிமாப் பாட்டின் நீளம், சினிமாப் பாட்டின் கச்சிதம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்க அருமை.

சரி, என் பேட்டைக்கு வருகிறேன். ஆதி தாளம் போட்டுப் பழகிய கை முதல் எண்ணிக்கையான ஒன்றில் தட்டும். ஜாஸ் கேட்கிறவர் இரண்டிலும் நான்கிலும் விரலைச் சொடுக்குவார். டிரம்ஸில் காலால் மூடித் திறக்கும் சின்னத் தட்டு ஜோடி 'ச்சிக்' என்று அடிப்பதும் அதே இடத்தில்தான். நீங்கள் ஒன்றில் அழுத்தித் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் பாட்டு முன்னால் தள்ளுவதாகவும் பதற்றமாகவும்தான் தோன்றும். தாளம் போடுவதை நிறுத்திவிட்டு இரண்டிலும் நான்கிலும் சொடுக்கிப் பாருங்கள். ஒரு வாரம் ஆகும், விடாதீர்கள். இன்னொன்று ஸ்விங். நான் ஆரம்பத்தில் அதை மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை என்று நினைத்து, பிரஷ்ஷால் மெல்ல வாசித்துக்கொண்டிருந்த ஒரு டிரம்மருக்குப் பக்கத்தில் 'தகிட தகிட' என்று சுத்தமாகப் போட்டேன். அவர் முகம் கசங்கியது. கணக்கில் நான் சரி, வாசிப்பில் நான் தப்பு. ஸ்விங்கில் ஓர் எண்ணிக்கையை நெட்டையும் குட்டையுமாக இரண்டாகப் பிரிப்பார்கள். அந்த விகிதம் திஸ்ரத்துக்குப் பக்கத்தில் வரும், ஆனால் அதிலேயே உட்காராது. காலப்பிரமாணம் (வேகம்) கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டே போகும். ஆளுக்கு ஆள் மாறும்.

மறு பக்கமும் உண்டு. பெங்களூரில் ஒரு ஒத்திகை. டிரம்மர் கெட்டிக்காரர். நான் ஒரு சின்ன முடிப்பு வைத்தேன். நான்கு எண்ணிக்கை, ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரை, மொத்தம் பதினாறு. 'ததிகிணதொம்' ஐந்து மாத்திரை, மூன்று தடவை சொன்னால் பதினைந்து. ஆக, ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் சரியாகச் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும். நமக்கு இது அரிச்சுவடி. அவருக்கோ அந்த விட்ட ஒன்று பிடிபடவே இல்லை. ஐந்து ஐந்தாக என்னோடு சேர்ந்து அடிக்கப் பார்த்து மூன்று முறை தடுமாறினார். நாலாவது முறை அலுத்துப்போய், சேர்ந்து அடிப்பதையே விட்டுவிட்டு மேல் தட்டில் 'டிங் டிங்' என்று வெறும் நடையை மட்டும் விட்டார். நான் வாசித்து முடித்துச் சமத்தில் வந்து இறங்கியபோது அந்த அறையில் எல்லோரும் சிரித்துவிட்டோம். வருடக்கணக்காக வாசித்த அந்த ஐந்து, நான்கின்மேல் சாய்ந்து சாய்ந்து போவதை அன்றைக்குத்தான் நான் வெளியே நின்று கேட்டேன். சபாவில் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது ரசிகர்களின் கை தாளம் போடுமே, அந்த வேலையை அவர் தட்டு செய்தது. கலப்பு இசையில் தாளம் நன்றாக அமைந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இரண்டு பேரும் சேர்ந்து படபடவென்று அடித்து முடிக்கும் இடத்துக்கு விழுகிற கைதட்டலில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அது சுலபமான இடம். சக்தியின் இரண்டாவது ரெக்கார்டு 'ஏ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலோடுதான் தொடங்கும். அதில் அந்தச் சொற்கட்டைக் கேளுங்கள், உங்களுக்கு அது தாய்மொழி. அமெரிக்க ரசிகருக்குக் கிடைக்காத நுழைவாயில் அது.

கலப்பு கெட்டுப்போவதும் உண்டு, உங்கள் 'இரண்டுங்கெட்டான்' சந்தேகத்தை நான் ஒதுக்கவில்லை. ஒரு திருமண வரவேற்பில் வயலின் தோடியில் ஒரு பிடியை ஆரம்பித்தது. கீபோர்டுக்காரர் அடியில் ஒரு கார்டைப் போட்டு அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டார். மேலே காந்தாரம் அசைகிறது, கீழே காந்தாரம் ஆணி அடித்தது போல் நிற்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. விருந்தினர்கள் யாரும் கவனிக்கவில்லை, வயலின்காரர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ராகத்தின் அடியில் கார்டை நிரப்புவது இந்தத் துறையில் அதிகம் நடக்கும் விபத்து. ஆனால் எல்லா உரசலும் விபத்து என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளூஸ் கேளுங்கள்: அடியில் உள்ள கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்கும், பாடுகிறவர் அதன்மேல் அரை சுரம் தாழ்ந்த காந்தாரமான சாதாரண காந்தாரத்தை வைத்து இழுப்பார். நம் காதுக்கு அது அபஸ்வரம். அந்த இசைக்கு அந்த உரசல்தான் உயிர், அதை எடுத்துவிட்டால் ப்ளூஸே இல்லை. சுத்த தன்யாசியின் சுரங்களை மட்டும் வைத்து ஒருவர் ப்ளூஸ் வாசிக்கும்போது உங்களுக்கு ஏதோ நெருடுகிறதென்றால், உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த நெருடலைத் தப்பு என்று முத்திரை குத்தாமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்துக்கொள்ளுங்கள், நெல்லிக்காய் மாதிரி.

ஜாஸ் படித்திருக்க வேண்டுமா என்று கேட்டீர்களே, வேண்டாம். மேலே சொன்ன 'சோ வாட்', ஒரு ப்ளூஸ், கோல்ட்ரேனின் 'இந்தியா' மூன்றையும் ஒரு மாதம் மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். சக்தியின் பிற்காலம் உங்களுக்கு இன்னும் சுலபம். 1997-க்குப் பிறகு மீண்டும் கூடியபோது மாண்டலின் ஸ்ரீநிவாஸ், விக்குவின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், குரலும் உள்ளே வந்தது. 2023-இல் வந்த 'திஸ் மொமெண்ட்' அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார். எனக்கென்னவோ எழுபதுகளில் வந்த மூன்று ரெக்கார்டுகளும்தான் பிடிக்கும். அப்போது அவர்களுக்கே இது எங்கே போய் முடியும் என்று தெரியாது, அந்தத் தேடல் கேட்கும்.

ஆனால் உங்கள் நண்பர் போட வேண்டியிருந்த ரெக்கார்டு வேறு என்று நினைக்கிறேன். 2008-இல் வந்த 'கின்ஸ்மென்'. கத்ரி கோபால்நாத்தும், கர்நாடகத்திலிருந்து போன குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவும். இருவர் கையிலும் ஒரே ஆல்டோ சாக்ஸபோன். ஒருவர் அதைக் கச்சேரி வாத்தியமாக மாற்றியவர், மற்றவர் ஜாஸ் படித்தவர். கன்னியாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஒரு பக்கம், கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் மறு பக்கம். வாத்தியம் ஒன்றே என்பதால் வாத்திய வித்தியாசம் உங்களைக் குழப்பாது. சுரத்தை எப்படித் தொடுகிறார்கள், எங்கே மூச்சு விடுகிறார்கள், வாக்கியத்தை எங்கே முடிக்கிறார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும். கோபால்நாத் சுரத்துக்குள் நழுவி வருவார், மகந்தப்பா சுரத்தின் விளிம்பில் கீறிக்கொண்டு போவார். கண்ணை மூடிக்கொண்டு இப்போது வாசிப்பது யார் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு இடத்தில் தப்பிவிட்டது.